குளிர் தங்கும் பழைய வீடு: சுவருக்குள் இன்சுலேஷன் வைக்கும் முன்

குளிர்காலத்தில் பழைய வீட்டில் இருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் உட்கார்ந்தால் முதுகில் குளிர் ஏறுகிறது. சுவரில் இன்சுலேஷன் (வெப்பம் கடக்காமல் தடுக்கும் அடுக்கு) இல்லை, அதுதான் காரணம் என்று யாராவது சொல்வார்கள். அது பாதி சரி. அந்தக் குளிருக்கு மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்காமல் சுவரை அடைத்தால், பணம் செலவாகியும் குளிர் போகாது. அதைவிட மோசமாக, சில வருடங்களில் சுவர் ஈரத்தில் ஊறத் தொடங்கலாம்.

முதல் காரணம், வெளிக்காற்று நிஜமாகவே உள்ளே வருவது. இரண்டாவது, சுவரே குளிர்ந்து கிடப்பது. நம் உடம்பு தன்னைச் சுற்றியுள்ள பரப்புகளை நோக்கி எப்போதும் வெப்பத்தைக் கதிர்வீச்சாக விட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கத்துச் சுவர் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் போகும் வெப்பம் கூடுகிறது, நமக்குக் குளிர்கிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது புரியும். வெளியே 0 டிகிரி, அறைக்குள் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யு-மதிப்பு சுமார் 2. அதாவது, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு 2 வாட் வெப்பம் வெளியே போகும். அந்தச் சுவரின் உட்பரப்பு 15 டிகிரியைத் தாண்டாது. அதே சுவரின் யு-மதிப்பை 0.5 ஆகக் குறைத்தால் உட்பரப்பு 18.7 டிகிரிக்கு வந்துவிடும். தெர்மாமீட்டர் இரண்டு நாளும் 20 என்றே காட்டும், ஆனால் உடம்புக்கு அது வேறு அறை. மூன்றாவது காரணம் இதிலிருந்தே பிறக்கிறது. குளிர்ந்த சுவரையும் கண்ணாடியையும் ஒட்டியிருக்கும் காற்று குளிர்ந்து கனமாகி, கீழே இறங்கித் தரையோடு நகர்ந்து கணுக்காலில் படும். எங்கோ ஓட்டை இருக்கிறது என்று தேடுவோம், ஆனால் ஓட்டையே இருக்காது.

முதலில் நிஜ ஓட்டைகளைப் பார்த்துவிடலாம். சூடான காற்று லேசானது. அது மேலே ஏறி, பரண் மூடியின் விளிம்பு, கூரையில் விளக்குக்குப் போட்ட துளை, புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி என்று கிடைத்த வழியில் வெளியேறும். போன காற்றுக்கு ஈடாக அதே அளவு குளிர்காற்று கீழ்ப்பகுதியில் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். இரண்டு மாடி வீட்டில் இந்த அழுத்த வித்தியாசம் சில பாஸ்கல்தான். ஆனால் குளிர்காலம் முழுவதும், இரவு பகலாக அது நிற்பதே இல்லை. கீழே சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிரும்போது, அதற்கான ஓட்டை தலைக்கு மேல் இரண்டு மாடி தாண்டிப் பரணில் இருக்கலாம். கீழ்த்தளத்து ஜன்னலை மட்டும் அடைத்துவிட்டு, இன்னும் குளிர்கிறதே என்று பலர் சலித்துக்கொள்வது இதனால்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. காற்றடிக்கும் ஒரு குளிர்நாளில் ஜன்னல்களை எல்லாம் மூடி, சமையலறை, குளியலறை விசிறிகளை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வெளிச்சுவர் ஓரமாக மெதுவாக நடக்க வேண்டும். திரைச்சீலைகளிலிருந்து மட்டும் தள்ளிப் பிடிக்க வேண்டும். நடுச்சுவரில் புகை நேராக மேலே போகும். ப்ளக் பாயிண்ட் பக்கம் கொண்டுபோனால் சட்டென்று அறைப் பக்கமாகச் சாயும். சுவரும் தரையும் சேரும் பலகையின் அடியில் நடுங்கும். கழுவுதொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கலைந்தே போகும். சுவரின் பரந்த பகுதி வழியாகக் காற்று வருவது அபூர்வம். இரண்டு பொருட்கள் சந்திக்கும் விளிம்புகளில்தான் அது வருகிறது.

அளவாகத் தெரிய வேண்டுமென்றால் புளோயர் டோர் சோதனை இருக்கிறது. வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்தக் குறைவை உண்டாக்கி, ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று அளப்பார்கள். மிகக் குறைந்த வெப்பச் செலவில் ஓடும்படி வகுத்த பாசிவ் ஹவுஸ் தரத்தில் கட்டிய புது வீட்டுக்கு இது 0.6 முறைக்கு மேல் போகக் கூடாது. பழைய மரச்சட்ட வீடுகளில் 10, 15 என்று வருவது சகஜம். சோதனை ஓடும்போதே கையை நீட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால், எங்கே அடைக்க வேண்டும் என்பதற்கு வேறு யாரிடமும் ஆலோசனை கேட்கத் தேவையிருக்காது.

இன்சுலேஷனுக்கு முன்னால் இவ்வளவு ஏன் என்றால், இன்சுலேஷன் வேலை செய்யும் விதமே அப்படி. ஃபைபர்கிளாஸ், கனிமக் கம்பளி, காகித நாரான செல்லுலோஸ் எல்லாவற்றிலும் வெப்பத்தைத் தடுப்பது முக்கியமாக உள்ளே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான். இழைகளின் வேலை அந்தக் காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பது. காற்று அவற்றின் ஊடே ஓடத் தொடங்கிவிட்டால் பெட்டியில் அச்சடித்த ஆர்-மதிப்புக்கு (வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) அர்த்தமில்லை. பழைய வீட்டில் ஓட்டையான இடத்தில் வைத்த ஃபைபர்கிளாஸைப் பிரித்துப் பார்த்தால், சில இடங்களில் மட்டும் கறுப்பாக அழுக்குப் படிந்திருக்கும். வருடக்கணக்காகக் காற்று அந்த வழியாகப் போய், அது வெறும் வடிகட்டியாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஓட்டைகள் அடைபட்டன, பரணுக்கும் நல்ல கனத்தில் இன்சுலேஷன் போட்டாயிற்று. சுவரைவிட அது சுலபம், அதையே முதலில் செய்ய வேண்டும். அப்புறம் சுவருக்கு வரலாம். இங்கே எல்லாமே அந்தச் சுவர் எந்த வகை என்பதைப் பொறுத்தது. செங்கல் வீடென்றால் வெளியே நின்று கற்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் மாறி மாறித் தெரிந்தால் அது பெரும்பாலும் முழுச் செங்கல் சுவர். நீளப் பக்கம் மட்டுமே தெரிந்தால் நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவராக இருக்கலாம், அல்லது மரச்சட்டச் சுவருக்கு முன்னால் ஒப்புக்குக் கட்டிய செங்கல் முகப்பாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெளிச்சுவரில் உள்ள ஒரு சுவிட்சின் மூடியைக் கழற்றி, பெட்டியின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

இரட்டைச் சுவரின் இடைவெளியை நிரப்புவது வேகமான வேலை. வெளியே சாந்துக் கோடுகளில் துளை போட்டு, கனிமக் கம்பளியையோ தெர்மோகோல் மணிகளையோ ஊதி நிரப்பி, துளைகளைப் பூசிவிடுவார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த இடைவெளி மழைநீர் உட்சுவருக்குத் தாண்டாமல் இருக்கத்தான் விடப்பட்டது. பலத்த காற்றோடு மழை மோதும் மேட்டிலோ கடலோரத்திலோ இருக்கும் வீட்டில், சாந்து உதிர்ந்த சுவரில் இடைவெளியை நிரப்பினால், தண்ணீருக்கு உள்ளே வரப் பாலம் போட்டது போலாகிவிடும். அப்படிப்பட்ட சுவரை நிரப்பாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. நிரப்புவதற்கு முன் சிறிய கேமராவைத் துளைக்குள் விட்டு, கட்டும்போது விழுந்த சாந்துக் கட்டிகள் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பார்க்காமலே நிரப்ப வருபவரை அனுப்பிவிடலாம்.

மரச்சட்ட வீடுகளில் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டிய பலவற்றில் செங்குத்துச் சட்டங்கள் அடித்தளத்திலிருந்து கூரை வரை ஒரே நீளமாகப் போகும். இரண்டு சட்டங்களுக்கு நடுவிலுள்ள இடம் கீழிருந்து மேல்வரை தடையில்லாத ஒரு குழாய். குளிர்காற்று அதில் தாராளமாக ஏறும், தீப்பிடித்தால் தீயும் அதே வழியில் ஏறும். இப்படிப்பட்ட சுவருக்கு எனக்குத் தெரிந்தவரை செல்லுலோஸை அடர்த்தியாக ஊதி நிரப்பும் முறைக்கு இணை இல்லை. பழைய செய்தித்தாளைத் துண்டாக்கி நாராக அரைத்த பொருள்தான் அது, தீப்பிடிக்காமலும் பூச்சி அண்டாமலும் இருக்க போரேட் உப்பு சேர்த்திருப்பார்கள். வெளிப்பலகையில் ஒன்றைக் கழற்றி, ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் இரண்டு அங்குலத் துளை போட்டு, குழாயை மேல்முனை வரை தள்ளி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே நிரப்புவார்கள். நிரம்பிய இடத்தில் பொருள் போவது நின்று இயந்திரத்தின் சத்தம் மாறும். குழாயை ஒரு அடி இழுத்ததும் மறுபடி சரசரவென்று ஓடத் தொடங்கும். அனுபவமுள்ள ஆள் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வேலை செய்வார்.

அடர்த்தி கன மீட்டருக்கு 55 முதல் 60 கிலோ வரை இருக்க வேண்டும். அந்த அடர்த்தியில் அது கீழே அமுங்காது, காற்றும் எளிதில் ஊடுருவாது. ஒரே வேலையில் இன்சுலேஷனும் கிடைக்கிறது, காற்றோட்டமும் பெருமளவு நின்றுவிடுகிறது. பாதி அடர்த்தியில் தளர்வாக ஊதினால் சில வருடங்களில் அமுங்கி, ஒவ்வொரு இடைவெளியின் உச்சியிலும் ஒரு வெற்றிடம் விட்டுவிடும். எத்தனை மூட்டை போட்டார்கள் என்று எண்ணி, சுவரின் கன அளவோடு வகுத்துப் பார்த்தால் அடர்த்தி தெரிந்துவிடும். சட்டங்களுக்கு நடுவே குறுக்கு மரம் வைத்திருந்தால் குழாய் அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேலே தனித் துளை வேண்டும். இதைத் தவறவிட்ட இடங்கள் குளிர்ந்த இரவில் வெப்பக் கேமராவில் நீலக் கட்டங்களாகத் தெரியும். வேலை முடிந்ததும், முழுத் தொகையைக் கொடுக்கும் முன், அந்தப் படத்தைக் கேட்டு வாங்குவது நியாயமான கோரிக்கைதான்.

சுவரைத் தொடும் முன் பார்க்க வேண்டிய ஆபத்துகளும் உண்டு. பீங்கான் குமிழ்களில் தாங்கி ஓடும் பழைய மின்கம்பிகள் தங்கள் சூட்டைச் சுற்றியுள்ள காற்றில் விடும்படி அமைக்கப்பட்டவை. அவற்றை இன்சுலேஷனில் புதைத்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம், அதனால் முதலில் கம்பிகளை மாற்றியாக வேண்டும். பழைய பூச்சிலும் வெளிப்பலகைகளிலும் ஆஸ்பெஸ்டாஸோ, பெயிண்டில் ஈயமோ இருக்கலாம். துளை போடுவதற்கு முன் சோதிப்பது கட்டாயம்.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பழைய சுவர் நூறு வருடம் உலர்ந்து நின்றதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த வீடு வெப்பத்தை வீணாக்கியதுதான். மழையில் நனைந்த செங்கல்லும் மரமும் உள்ளிருந்து கசிந்த சூட்டிலும், இடுக்குகளில் ஓடிய காற்றிலும் காய்ந்துகொண்டே இருந்தன. இன்சுலேஷன் என்பது அந்தச் சூட்டை நிறுத்தும் வேலை. நிறுத்தினால் சுவர் குளிரும், மெதுவாகக் காயும். அதே மழை, கூரைத் தண்ணீரை வடிக்கும் அதே ஒழுகும் பீலி, முன்பு தீங்கு செய்யாதது இப்போது செய்யும். ஆகவே பீலி, ஜன்னலுக்கு மேலுள்ள தகடு, உதிர்ந்த சாந்து, சுவரடியில் ஏறிவிட்ட மண் எல்லாவற்றையும் சரிசெய்யாமல் இன்சுலேஷன் பேச்சையே எடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மழை வெளியிலிருந்து வரும் ஈரம். உள்ளிருந்தும் ஈரம் வருகிறது. சமையல், குளியல், துணி உலர்த்துவது, மூச்சு என்று நான்கு பேர் உள்ள குடும்பம் நாளுக்குப் பத்து லிட்டர் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக வீட்டுக் காற்றில் கலக்கும். 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்று 9 டிகிரிச் சொச்சத்துக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஆவி நீராகப் படியும். குளிர்ந்த டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதுதான். பூஞ்சை வளர அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டு அப்படியே நீடித்தால் போதும், இந்தக் காற்றுக்கு அது 12.6 டிகிரியில் நடந்துவிடும். வெளிச்சுவரின் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் முதலில் கறுப்புப் புள்ளி வருவது இதனால்தான்.

முழுச் செங்கல் சுவருக்கு உட்பக்கம் இன்சுலேஷன் வைத்தால் என்ன ஆகிறது என்று முன்பு எடுத்த அதே சுவரில் பார்ப்போம். வெளியே 0, உள்ளே 20. முன்பு சுவரின் உள்முகம் 15 டிகிரியை ஒட்டி இருந்தது. 10 சென்டிமீட்டர் இன்சுலேஷனை உட்பக்கம் ஒட்டியதும், அதற்குப் பின்னால் மறைந்துபோன அந்த முகம் இரண்டரை டிகிரிக்கு இறங்கிவிடும். அறைக்காற்று எந்த இடுக்கு வழியாகவாவது அங்கே போய்ச் சேர்ந்தால் நீர் படிந்தே தீரும். கண்ணுக்குத் தெரியாத இடம், வாசனை வரும்வரை யாருக்கும் தெரியாது. அதைவிடக் கவலைக்குரியது, சுவருக்குள் சொருகியிருக்கும் தரை உத்தரங்களின் முனைகள். முன்பு சூட்டில் உலர்ந்திருந்த அந்த மரமுனைகள் இப்போது குளிர்ந்த, ஈரமான செங்கல்லுக்குள் உட்கார்ந்திருக்கும். உத்தரம் மெதுவாக மக்கத் தொடங்கினால் மேலிருந்து எதுவும் தெரியாது. உறைபனி கடுமையான இடங்களில் நனைந்த செங்கல் உறைந்து உருகி உறைந்து, முகம் செதில் செதிலாக உதிரவும் செய்யும்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பரிகாரம், உட்பக்கம் ஒரு பாலித்தீன் தாளை அடித்துவிடுவது. உள்ளிருந்து போகும் ஆவியை அது தடுக்கும், சரிதான். ஆனால் வெளியிலிருந்து மழையாகச் சுவரில் இறங்கிய ஈரம் உட்பக்கமாகக் காயும் வழியையும் அதே தாள் அடைத்துவிடும். வெளிப்பக்கம் சிமெண்ட் பூச்சோ, நீர்புகாத பெயிண்டோ இருந்தால் சுவர் இரண்டு பக்கமும் மூடப்பட்டுவிடும். பழைய செங்கல், கல் சுவர்களுக்கு ஈரத்தை உறிஞ்சிப் பரப்பித் திரும்ப விடக்கூடிய பொருட்களே பொருத்தம். மரநார்ப் பலகை, கால்சியம் சிலிக்கேட் பலகை, சணலும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு போன்றவை அந்த வகை. இவற்றைச் சுவரோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டி, மேலே சுண்ணாம்புப் பூச்சு பூச வேண்டும். கனமும் மிதமாக, 4 முதல் 6 சென்டிமீட்டர் போதும். கொஞ்சம் சூடு செங்கல்லுக்குப் போகட்டும். அது வீணல்ல, சுவர் காய்வதற்குக் கொடுக்கும் விலை.

தெளிக்கும் ஃபோமைப் பற்றியும் கேட்பார்கள். அங்குலத்துக்கு அங்குலம் பார்த்தால் அதன் திறன் மற்றவற்றைவிட அதிகம், காற்றையும் அடைக்கும். ஆனால் பழைய மரத்திலும் செங்கல்லிலும் அது ஒட்டிக்கொண்டால் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியாது, பின்னால் ஒழுகினாலும் காட்டிக்கொடுக்காது. அடித்தளத்தின் மேல் விளிம்பில், மரமும் கல்லும் சந்திக்கும் கோணல்மாணலான இடுக்கில், ஈரம் இல்லை என்று உறுதியான பிறகு அது மிக நல்ல தீர்வு. பழைய சுவர் முழுக்க அதை அடிக்க நான் யோசிப்பேன்.

இயற்பியலுக்குப் பிடித்த வழி வெளிப்பக்க இன்சுலேஷன்தான். செங்கல்லும் சட்டமும் உத்தர முனையும் எல்லாமே சூடான பக்கத்தில் வந்துவிடும், மழையும் அவற்றைத் தொடாது. அறைகளின் அளவும் குறையாது. சிரமம் விளிம்புகளில். கூரையின் நீட்டம் போதாமல் போகும், ஜன்னல்கள் குழிக்குள் போனது போல ஆகும், குழாய்களையும் பீலிகளையும் நகர்த்த வேண்டும், பழைய முகப்பின் அழகும் மறையும். வெளிப்பலகையோ பூச்சோ எப்படியும் மாற்ற வேண்டிய வருடத்தில் இதைச் சேர்த்துச் செய்தால்தான் செலவு கட்டும்.

எவ்வளவு கனம் வேண்டும் என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்லும். 100 சதுர மீட்டர் முழுச் செங்கல் சுவர், 20 டிகிரி வித்தியாசம், 4000 வாட் வெப்பம் வெளியே போகிறது. சாதாரண இன்சுலேஷன் 5 சென்டிமீட்டர் சேர்த்தால் அது 1150 வாட்டை ஒட்டி இறங்கும். 10 சென்டிமீட்டருக்கு 670, 15க்கு 470, 20க்கு 360. முதல் 5 சென்டிமீட்டர் மிச்சப்படுத்தும் அளவில் இருபதில் ஒரு பங்குகூட கடைசி 5 சென்டிமீட்டர் மிச்சப்படுத்தவில்லை. வெளிப்பக்கம் இடம் இருந்தால் கனமாகப் போடலாம், தப்பில்லை. உட்பக்கம் இடமும் இல்லாமல் ஈரப் பயமும் இருக்கும்போது, மெல்லிய அடுக்கே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும் என்பது ஆறுதலான செய்தி. மரச்சட்டச் சுவரில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சட்டங்கள் சுவர்ப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றாலும், இடைவெளிகளை நிரப்பிய பிறகு மிஞ்சும் இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த மரத்தின் வழியாகத்தான் போகும். வெளிப்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பலகை சேர்த்து சட்டங்களையும் மூடினால் அந்தக் கசிவு குறையும்.

வீடு இறுகியதும் காற்று தானாக மாறுவது குறையும். சமையலறையிலும் குளியலறையிலும் நேராக வெளியே தள்ளும் விசிறி கட்டாயம் வேண்டும். முடிந்தால் வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் இயந்திரம் இன்னும் நல்லது. எரிவாயுவிலோ விறகிலோ எரியும் கருவி, அறைக்காற்றை எடுத்துப் புகைபோக்கியில் விடும் பழைய வகையாக இருந்தால், வேலை முடிந்த அன்றே சோதிக்க வேண்டும். இறுகிய வீட்டில் சமையலறை விசிறியை ஓடவிட்டால் புகைபோக்கி தலைகீழாக இழுத்து கார்பன் மோனாக்சைடை அறைக்குள் கொண்டுவரலாம். விசிறிகள் எல்லாவற்றையும் ஓடவிட்டு, கதவுகளை மூடி, அடுப்பின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும்.

ஹீட்டரை மாற்றும் எண்ணமும் இருந்தால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. 4000 வாட் போய்க்கொண்டிருந்த சுவரில் இப்போது 1000 வாட்தான் போகிறது என்றால், பழைய கணக்குப்படி வாங்கும் இயந்திரம் தேவைக்கு மேல் பெரிதாகி, அடிக்கடி ஓடி நின்று, சீக்கிரம் தேயும். வெந்நீர் ரேடியேட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு லாபமும் உண்டு. 70 டிகிரித் தண்ணீர் தேவைப்பட்ட அதே ரேடியேட்டர்கள், இழப்பு குறைந்தபின் 50 டிகிரித் தண்ணீரிலேயே அறையைச் சூடாக்கிவிடக்கூடும். வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்ப் சிக்கனமாக ஓடுவது அந்தக் குறைந்த சூட்டில்தான். ஒரு குளிர்காலத்தை இன்சுலேஷனோடு கழித்து, எந்த அறைக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்த பிறகு அளவெடுக்கச் சொல்லலாம்.